நன்றி போஸ்டரில் இருந்த ரோடு

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த அதே மாதத்தில்தான் எங்கள் தெருவையும் தோண்டிப் போட்டார்கள். இரண்டில் எது முதலில் சரியாகும் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால், தெருதான் என்று சொல்லியிருப்பேன். அவ்வளவு விவரம் கெட்டவளாக இருந்திருக்கிறேன்.

குடிநீர்க் குழாய் பதிக்கிறோம் என்று வந்தார்கள். ஒரு மஞ்சள் இயந்திரம் தெருமுனையில் ஆரம்பித்துக் கடைசி வீடுவரை நடுவாகக் கீறிக்கொண்டே போனது. குழாயைப் போட்டு மேலே மண்ணைத் தள்ளினார்கள். "ரெண்டு மழை பெய்யட்டும்மா, மண்ணு இறுகிரும், பெறவு ரோடு போட்டிருவோம்" என்றார் மேஸ்திரி. விருதுநகர் மாவட்டத்தில் நின்றுகொண்டு இரண்டு மழைக்குக் காத்திருக்கச் சொல்கிற ஆளை என்ன செய்வது? ஆனால் அந்த வருஷம் எங்களைக் கேவலப்படுத்துவதற்கென்றே மழையும் பெய்தது. மண் இறுகவில்லை, இறங்கியது. மெயின் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்புகிற இடத்தில் குறுக்கே முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது. பைக்கில் வருகிறவர்கள் இறங்கிச் சுவரோரமாக உருட்டிக்கொண்டு போனார்கள். ஆட்டோ உள்ளே வர வழியில்லை. எங்கள் வீடு உள்ளே பதினோராவது வீடு.

அவர் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் ஆஃப்செட் மெஷின் ஓட்டியவர். சீசன் நேரத்தில் காலையில் நிற்க ஆரம்பித்தால் பொழுது சாய்கிறவரை உட்காராத மனுஷன். நான் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு பிரஸ்களுக்கு டிசைன் செய்து கொடுக்கிறவள். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று எது வந்தாலும் செய்வேன். கை சுத்தமான வேலை என்று பேர் உண்டு. அந்தப் பேர் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பிறகு சொல்கிறேன்.

சிவகாசி டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "மொத ஆறு மாசம்தாம்மா கணக்கு. அதுக்குள்ள எம்புட்டு வருதோ அம்புட்டுதான். வாரத்துல மூணு நாள் பயிற்சிக்குக் கூட்டிட்டு வந்துருங்க, ஒரு நாள்கூட விடாதீக." ஆறு மாதத்தில் ஒரு மாதம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே போயிருந்தது. மிச்சம் ஐந்து. எனக்கு வேறு எதுவும் தலையில் ஏறவில்லை. ஐந்து மாதத்துக்குள் இவரை நடக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்வீட்டு அண்ணாச்சிக்குச் சொந்தமாகச் சின்ன பிரஸ் உண்டு. தெருவுக்கு அவர்தான் பெரிய மனிதர் என்று அவரே முடிவு செய்து வைத்திருந்தார். அவரும் அவருடைய பிரஸ்ஸில் காகிதம் வெட்டுகிற கட்டிங் மாஸ்டரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, பிளாஸ்டிக் நாற்காலியோடு என் வீட்டுக்காரரைத் தூக்கித் தெருமுனை ஆட்டோவில் ஏற்றி விடுவார்கள். திரும்பி வரும்போதும் அப்படியே. "மாப்ளே, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க, பள்ளம் வருது" என்று அண்ணாச்சி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போவார். வாசல்களில் நின்று, "ச்சூ, எப்படி இருந்த மனுசன்" என்பார்கள். அவருக்கு விழுந்தது வலது பக்கம்தான், காது நன்றாகவே கேட்டது. வீட்டுப் படி இறங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார், ஆட்டோ கிளம்பிய பிறகுதான் திறப்பார்.

ஆனாலும் பலன் இருந்தது. இரண்டாவது மாதக் கடைசியில் கம்பியைப் பிடித்து நின்றார். அடுத்த மாதம் கம்பியை விட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை நின்றார். பிறகு முப்பது. குழறிய நாக்கால் தானே எண்ணுவார், பதினேழில் நாக்கு மாட்டிக்கொள்ளும், பதினாறையே இரண்டு தரம் சொல்லிவிட்டுத் தாண்டுவார். பயிற்சி கொடுக்கிற சிஸ்டர் கை தட்டினாள். நான் அந்தப் பக்கமாகத் திரும்பி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட எனக்கு இல்லை.

பள்ளத்தைப் பற்றிப் புகார் கொடுக்க ஆரம்பித்தது அந்த வாரம்தான். மனிதர் நிற்கிறார், அடுத்து நடப்பார், நாற்காலியில் தூக்கிப் போவதை நிறுத்த வேண்டும் என்ற அவசரம். போனில் புகார் போடலாம் என்றார்கள், போட்டேன். தங்கள் புகார் பெறப்பட்டது என்று உடனே குறுஞ்செய்தி வந்தது. அதில் மட்டும் நம் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. மூன்றாம் நாள் இன்னொரு செய்தி. குழாய் பதித்தது வேறு துறை, ஆகவே புகார் முடிக்கப்பட்டது. அந்த வேறு துறைக்குப் போட்டேன். தெரு அவர்களுடையது இல்லையாம், ஆகவே முடிக்கப்பட்டது. எங்கள் தெரு யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு என்று இரண்டு செய்திகளில் எனக்குத் தெரிய வந்தது. வீட்டு வரி ரசீதை மட்டும் யாரும் வேறு துறைக்கு அனுப்பவில்லை.

நேரில் போனேன். எங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்தில் ரோடு சம்பந்தமான மனுக்களை வாங்க ஒரு கிளார்க் இருந்தார். மேஜைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மடக்கி நாற்காலியிலேயே சம்மணம் மாதிரி போட்டு உட்கார்ந்திருப்பார். என் மனுவைப் படித்தார். இல்லை, மனுவின் மேல் கண்ணை ஓட்டினார்.

"போட்டோ எங்க?"

"பள்ளம் தெருவுல இருக்கு. வந்து பாத்தா தெரியும்."

"அதெப்படிம்மா, எல்லாப் பள்ளத்தையும் நாங்க வந்து பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? போட்டோ கொண்டாங்க."

எனக்குக் கோபம் வந்தால் வேலையில் காட்டுவேன். பள்ளத்தை நான்கு பக்கத்திலிருந்தும் எடுத்தேன். ஆழம் தெரியட்டும் என்று உள்ளே ஒரு குடத்தை இறக்கி வைத்து எடுத்தேன். நிறம் சரிபார்த்து, நல்ல ஆர்ட் பேப்பரில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கிளார்க் அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், விரலால் தடவினார். ஒரு மனிதர் என் பள்ளத்தை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறாரே என்று எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது.

"எந்த பிரஸ்லக்கா போட்டீக? என்னமா வந்திருக்கு!"

பள்ளத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். பிறகு தன் மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா வருவதாகவும், பத்திரிகையை நான்தான் டிசைன் செய்து தர வேண்டும் என்றும் சொன்னார். முகத்தில் வீசியெறிந்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. செய்து கொடுத்தேன். மயில் வைத்தேன். மயிலுக்குத் தோகை பத்தாது என்றார், விரித்தேன். தாய்மாமன் படம் சின்னதாக இருக்கிறது என்றார், பெரிதாக்கினேன். மூன்று தடவை திருத்தம் சொன்ன அந்த வாயிலிருந்து, "ஒங்க தெரு என்னாச்சுக்கா?" என்று ஒரு வார்த்தை வரவில்லை. இப்படிப்பட்டவரிடமா கெஞ்சினோம் என்று அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, மயில் நன்றாக வந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்குள்ளே கொஞ்சம் குளிர்ந்ததுதான்.

வார்டு மெம்பர் வீட்டுக்கும் போனேன். "ஒங்க தெரு லிஸ்டுல இருக்குக்கா" என்றார். அந்த லிஸ்ட்டை இன்றுவரை கண்ணால் பார்த்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. செத்தவர்கள் பேர்கூட ஓட்டர் லிஸ்ட்டில் பார்க்கக் கிடைக்கும், இது கிடைக்காது.

அப்போதுதான் அண்ணாச்சி தெரு ஆண்களைத் தன் பிரஸ்ஸில் கூட்டினார். டிசைன் வேலைக்கு ஆகும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். பேப்பர் பண்டல்களின் மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒருத்தராவது மண்வெட்டி, ஜல்லி என்று ஒரு சொல் சொல்ல வேண்டுமே! எங்கள் பக்கத்தில் எந்தக் காரியமானாலும் முதலில் அச்சடிப்பார்கள். சங்கம் ஆரம்பிக்கும் முன்பே லெட்டர்பேடு வந்துவிடும். பெண் பார்த்துவிட்டு வந்தவுடனே பத்திரிகைக்கு மாடல் கேட்பார்கள். இங்கேயும் லெட்டர்பேடு அடிப்பதா, போஸ்டர் அடிப்பதா, யார் படம் எங்கே வருவது என்றுதான் பேச்சு ஓடியது. கடைசியில் அண்ணாச்சி தொடையைத் தட்டினார்.

"நன்றி போஸ்டர் அடிப்போம்லே. ரோடு போட்டுத் தந்த மெம்பருக்கு நன்றின்னு அவரு படத்தைப் பெருசாப் போட்டு தெருமுனையில ஒட்டிருவோம். பாத்துட்டு எப்படிப் போடாம இருப்பாரு? வெக்கமா இருக்காது?"

"போடாத ரோட்டுக்கு நன்றியா அண்ணாச்சி?" என்றேன்.

"நீங்க ஒண்ணு தங்கச்சி! ஆடி மாசமே அடுத்த வருசக் காலண்டரை அடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புறோம். அந்த வருசம் பொறந்தா இருக்கு? வரப்போறதுதான? இதுவும் வரப்போறதுதான். என்ட்ட ஒரு கல்யாண போஸ்டர் ஆர்டர் இருக்கு, ஷீட்டுல பாதி இடம் சும்மா கெடக்கு. அதுலயே சேத்து ஓட்டிரலாம்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். காகிதத்தில் வந்துவிட்டால் நடந்துவிட்டது என்று நம்புகிற ஜென்மங்கள். ஷீட்டில் இடம் மிச்சமிருக்கிறது என்பதற்காக ஒரு பொய்யை அச்சடிக்க உலகத்திலேயே எங்கள் ஆட்களால்தான் முடியும். மூளை இல்லாதவர்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தப் போஸ்டரை டிசைன் செய்ய உட்கார்ந்தேன். ஆமாம், நான்தான். மெம்பர் படத்தைப் பார்த்து மெம்பர் இளகலாம், ரோடு வரலாம், இவர் தன் காலால் ஆட்டோ வரை போகலாம். அந்த நேரத்தில் இவரை நடக்க வைப்பார்கள் என்றால் எந்தக் கழுதையின் படத்தையும் நான் பெரிதாகப் போட்டிருப்பேன்.

மெம்பர் படமும் எழுத்தும் மட்டும் போதும் என்றுதான் அண்ணாச்சி சொன்னார். என் கை சும்மா இருக்கவில்லை. கீழே ரோடு படம் ஒன்று இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. வெளியூர் ரோடு எதையாவது வைத்திருக்கலாம். எங்கள் தெருவையே படம் எடுத்தேன். பள்ளத்தை அழித்தேன். மண்மேட்டை அழித்தேன். முனையிலிருந்து கடைசிவரை தார் போட்டேன். கரண்ட் கம்பத்தின் நிழல் தாரில் விழுகிற மாதிரி சாய்த்து வரைந்தேன். சாக்கடையோரத்துக் குப்பையைக்கூட விடவில்லை. இவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை நீட்டித் திரையைக் காட்டி, "கருப்பு... ஏறும்" என்றார். தார் நிறம் மெஷினில் அளவுக்கு மிஞ்சி அடர்த்தியாக விழுந்துவிடும் என்று அர்த்தம். மெஷின் ஓட்டிய கண் அல்லவா! குறைத்தேன். அவர் சொன்னது சரி, அச்சில் தார் இப்போதுதான் போட்டது போல வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்ததால் எனக்கு அன்றைக்குச் சோறுகூட ருசித்தது.

போஸ்டரைத் தெருமுனைச் சுவரில் வரிசையாக ஒட்டினார்கள். பட்டாசுக் கம்பெனி வேனுக்கு அங்கேதான் பெண்கள் காலையில் நிற்பார்கள். நாரணாபுரம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். அதில் ஒருத்தி போஸ்டரைப் படித்துவிட்டு, "ஏக்கா, ரோடு போட்டாச்சாம்லா! அப்போ நம்ம எங்கன நிக்கோம்?" என்றாள். பள்ளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு அத்தனை பேரும் சிரித்தார்கள். எங்கள் தெருவில் உருப்படியாக யோசித்தவர்கள் அவர்கள்தான், அவர்களும் எங்கள் தெருக்காரர்கள் இல்லை.

மெம்பர் மறுநாள் பைக்கில் வந்தார். இறங்கவில்லை, காலை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "கலர் நல்லா வந்திருக்கு அண்ணாச்சி" என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வெட்கப்படுவாராம்!

நான்காம் நாள் எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. தங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு பணி நிறைவுற்றது, புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது. திறந்தேன். எங்கள் தெரு. பளபளவென்று தார் ரோடு. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி நான் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். தெரு அதே மண்ணாகத்தான் கிடந்தது. மறுபடி போனைப் பார்த்தேன். கரண்ட் கம்பத்தின் நிழல். நான் போட்ட நிழல். யாரோ ஒரு புண்ணியவான் தெருமுனைக்கு வந்து, பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று, அதைப் பாராமல் போஸ்டரின் கீழ்ப்பகுதியை மட்டும் நெருங்கிப் படம் பிடித்திருக்கிறான். படத்தின் அடியில் தேதியும் நேரமும் இடமும் தானாகப் பதிந்திருந்தன. இடம் எங்கள் தெருதான். அதில் பொய்யே இல்லை.

அலுவலகத்துக்கு ஓடினேன். கிளார்க் சாவகாசமாகப் பார்த்தார்.

"என்னக்கா நீங்க? நன்றின்னு நீங்களே போஸ்டர் ஒட்டிட்டு, இப்ப நீங்களே ரோடு இல்லேங்கீக. நாங்க எதை நம்புறது?"

"கண்ணை நம்புங்க. வந்து பாருங்க."

"பாத்துத்தான போட்டோ எடுத்திருக்காக? லொகேஷன் ஒங்க தெருவா இல்லையா, அதைச் சொல்லுங்க."

என் வாழ்க்கையில் அவ்வளவு துப்புரவாக யாரும் என்னை மடக்கியதில்லை. முடித்த புகாரைத் திரும்பத் திறக்க வேண்டுமானால், போஸ்டரில் உள்ளது பொய் என்று எழுதி, அதை ஒட்டிய எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்றார்.

எழுதிக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். அவர் தாளைத் தொடக்கூட இல்லை. "பொய்னு எப்படித் தங்கச்சி எழுத? மெம்பர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?" கொஞ்சம் யோசித்தார். "இப்படி எழுதுவோம். ரோடு போட்டாக, மழையில திரும்பவும் உள்வாங்கிருச்சுன்னு. யாருக்கும் சங்கடம் இல்லைல்லா?"

"போடாத ரோடு எப்படி அண்ணாச்சி உள்வாங்கும்?"

"ஒரு பேச்சுக்குத்தான."

கட்டிங் மாஸ்டர், "மதினி, அண்ணாச்சி சொல்றது நல்ல ரோசனை" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தெருவில் நின்று கத்தினேன். "நீங்கள்லாம் மனுசங்களா? காகிதத்துலயே சாப்பிட்டு காகிதத்துலயே படுத்து எந்திரிக்கிற சென்மங்க! ஒரு கூடை மண்ணை அள்ளிப் போடத் துப்பில்ல, போஸ்டர் ஒட்ட வந்துட்டீக வரிசையா! சூடு சொரணை இருக்கா ஒங்களுக்கு?" எல்லா வாசலும் கேட்டது. அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். பேசிய ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் பயிற்சி நாள். இவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்துக் காத்திருந்தேன். தெருமுனையில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. எதிர்வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. திரும்பவும் ஹாரன். இவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். நான்கு எட்டு வைத்தால் எதிர்வீடு. கதவைத் தட்டி, அண்ணாச்சி, நேற்றுக் கோபத்தில் பேசிவிட்டேன், கொஞ்சம் வாங்க என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் வந்திருப்பார். முட்டாள்தான், ஆனால் வந்திருப்பார். நான் போகவில்லை. இவர்களிடம் போய் நிற்பதா என்று இருந்தது. ஆட்டோ போய்விட்டது.

அப்படி ஐந்து வாரம் போனது. வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிற ஆளைச் சிவகாசியில் பிடித்தேன். ஒரு நாள் வந்தார், பள்ளத்தில் பைக்கை இறக்கிக் கணுக்காலில் அடிபட்டுக்கொண்டார், அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. நானே ஜன்னல் கம்பியைப் பிடிக்க வைத்து நிறுத்தினேன். முதல் வாரம் முப்பது எண்ணினார். அடுத்த வாரம் இருபதில் கால் நடுங்கியது. பிறகு கம்பியை விட மாட்டேன் என்றார். கால் விறைத்துக்கொண்டு, பாதம் உள்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. அவர் எண்ணுவதையும் நிறுத்திவிட்டார். நானும் எண்ணச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

கடிதத்தை நான் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் படம் நான் செய்த பொய்ப் படம், அதில் உள்ள ரோடு எங்கள் தெருவில் இல்லை, பயிற்சியில் எழுந்து நின்ற என் கணவரை இந்தப் பள்ளத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை என்று எழுதியிருந்தேன். கிளார்க் முழுதாகப் படித்தார். "இப்பத்தான்க்கா சரியா எழுதியிருக்கீக" என்று பாராட்டினார், மற்றவர்கள் கையெழுத்து எங்கே என்று கேட்கவே இல்லை. ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது டிராக்டர் வந்தது. தெரு முழுக்க இல்லை. முனையில் இருந்த பள்ளத்தில் மட்டும் ஜல்லியைக் கொட்டி, ஒரு வாளித் தாரைத் தெளித்து, ரோலர் இல்லாததால் டிராக்டர் சக்கரத்தாலேயே நாலு தடவை மிதித்துவிட்டுப் போனார்கள். அதுவே போதும், ஆட்டோ உள்ளே வந்துவிடும். முதல் நாளே இதைச் செய்ய இவர்களுக்கு அரை நாள் ஆகியிருக்கும்.

ஆட்டோ எங்கள் வாசலுக்கே வந்தது. நானும் ஆட்டோக்காரருமாகச் சேர்ந்து இவரை ஏற்றினோம். யார் கண்ணிலும் படாமல், நாற்காலியில் தொங்காமல் போகிறார். கண்ணை மூடவில்லை. தெருமுனையில் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். கழுத்தில் அட்டை, கையில் போன். நகராட்சியில் வேலைகளைப் பார்வையிடுகிறவர், சின்ன வயசு.

"நீங்கதான மனு குடுத்தது? ஐயாவோட போட்டோ வேணும்க்கா. இந்தத் தடவை பயனாளி நேர்ல நிக்கணும்னு சொல்லிட்டாக, ஒங்க போஸ்டர் கதையால. ஐயாவை இறக்கி, இந்தத் தாருக்கு மேல ரெண்டு செகண்டு நிக்க வைங்க."

"நிக்க மாட்டாரு."

"மனுவுல, முன்னாடி நின்னாருன்னு எழுதியிருக்கீகளே?"

"நின்னாரு. முப்பது எண்ணுற வரைக்கும் நின்னாரு. இப்ப நிக்க மாட்டாரு."

அவர் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். போனில் மணி பார்த்தார். "அப்போ நீங்களே நில்லுங்கக்கா. போட்டோ இல்லாம முடிக்க விட மாட்டாக. முடிக்கலைன்னா, திரும்பத் தோண்டச் சொன்னாலும் சொல்லுவாக."

ஆட்டோவை விட்டு இறங்கினேன். தார் இன்னும் செருப்பில் ஒட்டியது. எதிரில் போஸ்டர் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்த சுவருக்குக் கீழே வேனுக்கு நிற்கும் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி தன் வாசலிலிருந்து பார்த்தார். ஆட்டோவுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் பார்த்தார். அந்தப் பையன் போனை உயர்த்தி, "கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்கக்கா, திருப்தின்னு போடணும்" என்றான்.

இத்தனை மாதமாக ஊரில் ஒருத்தரையும் பாக்கி விடாமல் காறித் துப்பிக்கொண்டிருந்த நான், பல் தெரியச் சிரித்தேன்.